பாலைத்துறையின் மூச்சு விளக்கு

முஃபீதா மிஸ்ஸைத் தேடி யார் வந்தாலும், வந்தவர் வாயைத் திறக்குமுன்னே விஷயம் இன்னதென்று ஊகித்துவிடுவது நிக்கொலஸின் பழக்கம். ஊகம் ஒருநாளும் சரிவந்ததில்லை. அதற்காக அவன் பழக்கத்தைக் கைவிடவும் இல்லை.

முஃபீதா இருபத்தெட்டு வருடம் புத்தளத்தில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சி தமிழில் சொன்னதை நீதவானுக்குச் சிங்களத்திலும், நீதவான் கேட்டதைச் சாட்சிக்குத் தமிழிலும் சொல்லிச் சொல்லி அவருடைய காது ஒரு மாதிரியாகப் பழகிவிட்டது. ஆள் என்ன சொல்கிறார் என்பதோடு எந்தச் சொல்லால் சொல்கிறார் என்பதையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும். ஓய்வு பெற்ற பிறகும் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள் அவரைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். நிக்கொலஸ் அவரை ஏற்றி இறக்கும் ஓட்டோக்காரன். வயது முப்பத்தாறு, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். தன்னை அவருடைய உதவித் துப்பறிவாளன் என்றே நம்பியிருந்தான். அவரும் மறுத்ததில்லை.

அந்த வியாழக்கிழமை நண்பகல் ளுஹர் தொழுகை முடிந்த கையோடு ஒரு இளம்பெண் பிஸ்கட் டின் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். நகைத் தகராறு, கலியாண வீட்டு விவகாரம் என்று நிக்கொலஸ் முடிவு கட்டினான். அவள் டின்னைத் திறந்தபோது உள்ளே ஒரு சின்ன மின்சுற்றுப் பலகையும் ஒரு பெட்டறியும் இருந்தன. பலகையின் மூலையில் பாசிப்பயறு அளவில் ஒரு சிவப்பு எல்.ஈ.டி மெல்லக் கூடி, மெல்லக் குறைந்து, மறுபடி கூடியது. தூங்குகிற பிள்ளை மூச்சு விடுவது போல இருந்தது.

"என்ட பேர் ஹஃபீலா, ராத்தா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ரேடியோ, டீவி திருத்துற கடை வச்சிருக்கன். வாப்பா மன்னார்ல லொறி, வேன் வயரிங் செஞ்சவர். தொண்ணூறுல இடம்பெயர்ந்து கரைத்தீவுக்கு வந்தும் அதத்தான் செஞ்சார். வேலையெல்லாம் அவருக்குப் பக்கத்தில குந்தியிருந்து பழகினதுதான்."

"சொல்லுங்க மகள்," என்றார் முஃபீதா.

"பாலைத்துறை மீனவர் சங்கத்துக்கு நான் ஒரு விளக்குச் செஞ்சு குடுத்தன். திங்கக்கிழமை விடியமுன்ன அது பிழைச்சுப் போச்சு. சவிரிமுத்து அண்ணன்ட போட் பழைய பாலத்துக் கல்லில அடிபட்டு உடைஞ்சு, அவர்ட காலும் முறிஞ்சிட்டு. ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடி விளக்கக் கழட்டப் போகுது. கழட்டட்டும் ராத்தா. எனக்குத் தெரிய வேண்டியது வேற. அவர்ட கால நானா உடைச்சன்? என்ட பிழையெண்டா பிழையெண்டு சொல்லுங்க. நாலு நாளா எனக்கு நித்திரையில்ல."

நியாயம் கேட்டு வருபவர்களை நிக்கொலஸ் நிறையப் பார்த்திருக்கிறான். பிழை தன்னுடையதா என்று கேட்டு வந்த முதல் ஆள் இவள்தான். அவனுக்கு அவள்மேல் உடனே இரக்கம் வந்தது.

கதை இதுதான். பாலைத்துறை கற்பிட்டி வீதியில், களப்பு என்னும் கடலோர உப்பேரிப் பக்கமாக உள்ள ஊர். பட்டத்தில் தொங்கிக்கொண்டு தண்ணீரில் ஓட வரும் வெள்ளைக்காரர்களுக்காகக் கரை நெடுகிலும் ஹோட்டல்கள் எழும்பிவிட்டன. விடியமுன் திரும்புகிற மீனவனுக்கு எந்த வெளிச்சம் ஹோட்டல், எந்த வெளிச்சம் இறங்குதுறை என்று தெரியவில்லை. எல்லா விளக்கும் நேராக எரியும்போது இறங்குதுறை விளக்கு மட்டும் மூச்சு விட்டால் எப்படியிருக்கும் என்று யாரோ கேட்டார்கள். ஹஃபீலாவின் கடைக் கண்ணாடியில் இந்தச் சின்ன விளக்கு கூடிக் குறைவதைச் சங்கச் செயலாளர் பார்த்திருந்தார். இதையே பெரிதாகச் செய்து தரச் சொல்லிவிட்டார்.

"சின்னதப் பெருசாக்கிறது எண்டா பல்ப்ப மட்டும் மாத்தினாச் சரிவராது," என்றாள் ஹஃபீலா. "இந்தச் சர்க்கிட்டுக்கு அவ்வளவு பலமில்ல. அதால நடுவில ஒரு பெரிய ட்ரான்சிஸ்டர் வச்சன். அது தண்ணிக் குழாய் மாதிரி. சின்னச் சர்க்கிட் குழாயத் திருப்புற கை. தண்ணி வாறது பெரிய பெட்டறியில இருந்து. முதல்ல ரெண்டையும் ஒரே பெட்டறியில ஓட்டிப் பாத்தன். பெரிய விளக்கு இழுக்கிற இழுவையில சின்னது தடுமாறுது. அதால சின்னதுக்குத் தனிப் பெட்டறி, தனிச் சோலார் தகடு. ரெண்டுக்கும் எர்த் மட்டும் பொது."

"எது எரிஞ்சது?"

அவள் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். விபத்தன்று செயலாளர் பெட்டியைத் திறந்து எடுத்தது. கறுப்பு ட்ரான்சிஸ்டரின் முகம் வெடித்து வெளுத்திருந்தது. "இது செத்தா, குழாய் திறந்தபடி செத்துப்போகும். விளக்கு அணையாது. நேரா, முழு வெளிச்சத்தில எரியும்."

"அப்ப அது ஹோட்டல் விளக்கு மாதிரி ஆகிடும்."

"ஓம் ராத்தா. ஆனா ஏன் செத்துச்சு? ட்ரான்சிஸ்டர் ஆகச் சூடாகிறது பாதி வெளிச்சத்தில. முழுசாத் திறந்தா அவ்வளவு சூடில்ல. மூச்சு விடுறப்ப பாதியில ரெண்டு செக்கன்தான் நிக்கும். அதுக்கு நான் வச்ச அலுமினியத் தகடு தாராளம். ஆறு மாசம் ஒரு குறையும் இல்லாம எரிஞ்சது."

"ஆறு மாசமும் ஒருத்தரும் தொடல்லையா?"

"ஒருக்கா. மூணு கிழமைக்கு முன்ன விளக்கு மூச்சு விடாம நிண்டுட்டுது. நான் மன்னார்ல ஒரு கலியாணத்தில நிண்டன். செயலாளர் ஹுனைஸ் நானா ஃபோன்ல கோல் எடுத்தார். உப்புக் காத்தில எர்த் விட்டுப் போயிருக்கும், ரெண்டு பக்கத்துக்கும் எர்த் குடுக்கச் சொல்லுங்க எண்டன். ஊர் வயரிங்காரர் மர்ஸூக் நானா செஞ்சு குடுத்தாராம். அண்டைக்கே விளக்குச் சரியா வந்திட்டுது. பிறகு மூணு கிழமை நல்லா எரிஞ்சது."

"நீங்க பெட்டியப் போய்ப் பாக்கல்லையா?"

"விட்டாத்தானே. ஞாயிறு வரைக்கும் நான் கிட்ட வரக் கூடாதெண்டு அல்பொன்சா அக்கா சத்தம் போட்டுட்டா. அவ சவிரிமுத்து அண்ணன்ட மனுசி. அவவக் குறை சொல்ல ஏலாது."

முஃபீதா எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். நிக்கொலஸ் ஏற்கெனவே ஓட்டோவுக்குள் இருந்தான். ஹோட்டல்காரன் யாரோ பெட்டியில் கைவைத்திருக்கிறான் என்று பாலாவிச் சந்திக்கு வருமுன்னரே அவன் கண்டுபிடித்துவிட்டான்.

செயலாளர் ஹுனைஸ் இறங்குதுறையில் காத்திருந்தார். மனிதர் எதையும் ஒழுங்காகச் செய்பவர். அதை மற்றவர்களும் அறியவேண்டும் என்பதில் குறியாக இருப்பவர். ஊரே அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடும் மர்ஸூக்கும் கூட வந்திருந்தார். வீட்டு வயரிங் வேலையில் முப்பது வருடம். பாலைத்துறையில் அவர் கம்பி இழுக்காத வீடில்லை.

பழைய முருகைக்கல் மேடை ஒன்றின் மேல் மணல் பரவிக் கிடந்தது. அதன் நடுவில் விளக்குக் கம்பம் நின்றது. கம்பத்தில் ஆள் உயரத்தில் இரும்புப் பெட்டி, அதில் பூட்டு. கம்பத்தடி மணல் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. நாலு எட்டுத் தள்ளி ஒரு பெரிய நீலப் பிளாஸ்டிக் பேசின் கவிழ்ந்து கிடந்தது.

"பூட்டுக்கு ஒரு திறப்புத்தான். அது என்ட இடுப்பில," என்றார் ஹுனைஸ். "மர்ஸூக் நானா செஞ்ச நாளையில இருந்து திங்கக்கிழமை வரைக்கும் ஒருத்தரும் திறக்கல்ல. வெள்ளிக்கிழமை பொழுதுபட மஃரிபுக்குப் போறப்ப நானே கண்ணால பாத்தன். வடிவா மூச்சு விட்டுது. சனியும் ஞாயிறும் இங்க ஆளில்ல. பாதி ஊர் தலவில சேர்ச் திருவிழாவில. நான் சிலாபத்தில."

பூட்டு உடைக்கப்படவில்லை. நிக்கொலஸ் அதை மூன்று தரம் பார்த்தான். ஹோட்டல்காரனைக் கைவிட அவனுக்கு மனமில்லாமல் இருந்தது.

பெட்டியைத் திறந்ததும் முஃபீதா தொலைபேசியில் ஹஃபீலாவை அழைத்தார். அவள் கேட்டவற்றை நிக்கொலஸ் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னான்.

"பியூஸ் எரிஞ்சிருக்கா அண்ணன்?"

"இல்ல, நல்லா இருக்கு."

"அலுமினியத் தகடு இறுக்கமா இருக்கா?"

"அசையாது."

"எர்த் ரெண்டு பக்கத்துக்கும் இருக்கா?"

நிக்கொலஸ் பதில் சொல்லுமுன் மர்ஸூக் குனிந்து தொலைபேசியில் பேசினார். "எர்த் நான் போட்டது, தங்கச்சி. ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனியா, முறையாப் போட்டிருக்கன். சின்னப் பெட்டறிக்கு ஒண்டு, பெரிய பெட்டறிக்கு ஒண்டு."

நிக்கொலஸும் பார்த்தான். தடித்த பச்சை வயர் இரண்டு பெட்டியின் அடியால் இறங்கி மணலுக்குள் போயின. கட்டிய கட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. "ஓம், இருக்கு," என்றான்.

"அப்ப என்ட சர்க்கிட்தான்," என்றாள் ஹஃபீலா. "வேற ஒண்டும் மிச்சமில்ல ராத்தா. நான் செஞ்சதுதான் பிழை." அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

சவிரிமுத்துவின் வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவர் முற்றத்தில் கதிரையில் உட்கார்ந்து, பிளாஸ்டர் போட்ட காலை ஒரு மீன் பெட்டிமேல் நீட்டியிருந்தார். ஊரில் சிலர் அவர் போட்டில் நித்திரையாகிவிட்டார் என்று சொல்வது அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"நான் முழிச்சுத்தான் இருந்தன், அம்மா. ஞாயிறு பின்னேரம் தலவிலயில இருந்து நான் மட்டும் வந்து, தொழிலுக்குப் போனன். திரும்பி வரக்குள்ள மூச்சு விளக்கத் தேடினன். இல்ல. எல்லாம் நேரா எரியிது. மூச்சு விளக்கு இன்னும் வடக்க எண்டு நினைச்சுத் திருப்பினன். கல்லில ஏறிட்டுது."

அல்பொன்சா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்தப் பிள்ளை விளையாட்டுச் சாமானைக் கொண்டந்து கம்பத்தில கட்டினா. நான் புதன்கிழமை காலம மீன் கழுவின உப்புத்தண்ணிய ஊத்திப்போட்டு, பேசினைக் கவிட்டுட்டு, நேத்திக்கடனுக்கெண்டு தலவிலைக்குப் போனன். திங்கள் வந்து பாத்தா மனுசன் ஆஸ்பத்திரியில. அந்தக் கம்பத்தடியில போனாலே எனக்கு எரிச்சல். நான் நாளும் தண்ணி ஊத்துற இடத்திலதான் கம்பிய அடிச்சு வச்சிருக்கானுகள். காலில தட்டுது."

"அதுக்குப் பிறகு மீன் உப்புப் போடல்லையா?" என்று கேட்டார் முஃபீதா.

"எந்தக் கையால போடுறது? இவரப் பாக்கவே நேரம் போதாது."

திரும்பும் வழியில் நிக்கொலஸ் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஹோட்டல்காரனும் இல்லை, களவும் இல்லை, பூட்டிய பெட்டிக்குள் ஒரு சர்க்கிட் தானாகச் செத்திருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் போய் உன் பிழைதான் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

பாலாவிக்கு இந்தப் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்தது. நிக்கொலஸ் ஹோர்னை அமுக்கினான். சத்தம் வரவில்லை. மாடு தன்பாட்டில் நின்று அவனைப் பார்த்தது. அவன் ஓட்டோவை ஓரம் கட்டி இறங்கி, முன்பக்க மூடியைத் திறந்து, ஒரு திருகாணியைச் சுற்றியிருந்த துருவைச் சாவியால் சுரண்டினான்.

"என்ன நிக்கொலஸ்?"

"ஒண்டுமில்ல மிஸ். எர்த் இல்ல. சுரண்டிவிட்டா வந்திடும்."

"எர்த்தா? வீட்டுக்குப் பின்னால நிலத்தில கம்பி அடிப்பினமே, அதா?"

"சே, அது வீட்டு எர்த்." நிக்கொலஸ் சிரித்தான். மிஸ்ஸுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருப்பது அவனுக்கு அடிக்கடி கிடைக்கிற சந்தோஷமல்ல. "ஓட்டோ நிக்கிறது மூணு ரப்பர் டயர்ல. நிலத்துக்கும் அதுக்கும் என்ன தொடுப்பு? வாகனத்தில எர்த் எண்டா பெட்டறிட நெகட்டிவ், மிஸ். எல்லா வயரும் கடைசியில அங்க வந்து சேர வேணும். லொறி, வேன், எல்லாத்திலயும் அப்பிடித்தான் சொல்லுறது."

"லொறி, வேன்," என்றார் முஃபீதா. பிறகு, "திருப்புங்க" என்றார்.

"எங்க மிஸ்?"

"பாலைத்துறைக்கு."

மேடையில் இப்போது யாரும் இல்லை. முஃபீதா செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பத்தடியில் குந்தி, பச்சை வயர் போன வழியே மணலைக் கையால் ஒதுக்கினார். முழங்கை ஆழத்தில் ஒரு செப்புக் கம்பியின் அடி முனை கல்லில் முட்டி நின்றது. இரண்டு எட்டுத் தள்ளி மற்றதும் அப்படியே. கம்பிகள் அதற்குமேல் இறங்காததால் மர்ஸூக் மிச்சத்தை அரிந்து விட்டிருந்தார். முஃபீதா ஒரு பிடி மணலை அள்ளி விரலிடுக்கால் விட்டார். காய்ந்த சீனி போல உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு," என்றார். நிக்கொலஸும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான். உப்புத்தான். அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அங்கிருந்தபடியே அவர் ஹஃபீலாவை அழைத்து இரண்டே இரண்டு கேள்வி கேட்டார். முதல் கேள்விக்குப் பதில் நீளமாக வந்தது. இரண்டாவது கேள்விக்கு அவள் அழத் தொடங்கினாள். முஃபீதா அழ விட்டார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஒரு புது ட்ரான்சிஸ்டரோடு வரச் சொன்னார்.

ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்குச் சங்கம் மேடையைச் சுற்றிக் கூடியது. சவிரிமுத்துவைக் கதிரையோடு தூக்கி வந்தார்கள். ஹஃபீலா கம்பத்தடிக்கு வந்தபோது அல்பொன்சா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"முதல்ல ஒண்டு சொல்லுறன்," என்று தொடங்கினார் முஃபீதா. "இந்த விஷயத்தில ஒருத்தரும் பொய் சொல்லல்ல. கோர்ட்டில இருபத்தெட்டு வருஷம் இருந்தன். அப்பிடி ஒரு வழக்கு நான் கண்டதில்ல. எல்லாரும் உண்மையச் சொன்னா எங்க போய்ப் பிழை பிடிக்கிறது? சொல்லில பிடிக்க வேணும். மர்ஸூக் நானா, ஹுனைஸ் உங்களுக்கு என்ன சொன்னார்?"

"ரெண்டு பக்கத்துக்கும் எர்த் குடுக்கட்டாம் எண்டு சொன்னார்."

"ஹுனைஸ், உங்களுக்கு ஹஃபீலா என்ன சொன்னா?"

"அதே சொல்லுத்தான். ஒரு எழுத்து நான் மாத்தல்ல," என்றார் ஹுனைஸ்.

"மாத்தியிருந்தா நல்லது," என்றார் முஃபீதா. "மர்ஸூக் நானா, பெட்டியத் திறந்தப்ப உள்ள என்ன இருந்திச்சு?"

"ரெண்டு பெட்டறிட நெகட்டிவுக்கும் நடுவில ஒரு கறுப்பு வயர். சின்ன வயர். பச்சையாப் பூத்து அறுந்து போய் இருந்திச்சு. எர்த் எண்டு அதையா கட்டி வச்சிருக்கு எண்டு நினைச்சு, கழட்டிப்போட்டு, முறையா ரெண்டுக்கும் கம்பி அடிச்சு நிலத்துக்குக் குடுத்தன்."

ஹஃபீலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வீட்டு வயரிங் செய்யிற ஆளுக்கு எர்த் எண்டா நிலம்," என்றார் முஃபீதா. "வாகன வேலை பழகின ஆளுக்கு எர்த் எண்டா பெட்டறிட நெகட்டிவ். ஹஃபீலா வாகனக்காரர்ட பிள்ளை. ரெண்டு நெகட்டிவையும் ஒண்டாச் சேருங்க எண்டதத்தான் அவ தன்ட பாஷையில சொன்னா. மர்ஸூக் நானா தன்ட பாஷையில விளங்கிக்கொண்டார். ரெண்டும் சரியான தமிழ். நடுவில ஒரு மொழிபெயர்ப்பாளர் இல்லாமப் போச்சு. இத எனக்கு விளங்கவச்சது நிக்கொலஸ்ட ஹோர்ன்."

எல்லோரும் நிக்கொலஸைப் பார்த்தார்கள். அவன் பெரிய மனுஷத் தோரணையில் தலையாட்டினான். ஹோட்டல்காரனைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லாமல் விட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

"அது சரி," என்றார் ஹுனைஸ். "அந்த வயர் இல்லாட்டி விளக்கு அண்டைக்கே பழுதாக வேணுமே. மூணு கிழமை எப்பிடி எரிஞ்சது?"

"அதத்தான் நான் அவவிட்ட முதல் கேள்வியாக் கேட்டன். மகள், சொல்லுங்க."

"சின்னச் சர்க்கிட்டில இருந்து கட்டளை போற வயர்ல மின் கிட்டத்தட்ட ஓடுறதேயில்ல," என்றாள் ஹஃபீலா. "மற்றப் பக்கம் ரெண்டு நெகட்டிவும் சேர்ந்திருந்தாப் போதும். நல்ல வயர்தான் வேணுமெண்டு இல்ல. ஈர மணல் கூடப் போதும். உப்பு ஈரமெண்டா இன்னும் நல்லம்."

கூட்டத்தில் சிலர் கம்பத்தடியைப் பார்த்தார்கள். பிறகு கவிழ்ந்து கிடந்த நீலப் பேசினைப் பார்த்தார்கள். அல்பொன்சா மெல்ல எழுந்து நின்றார்.

"புதன்கிழமை காலமயோட தண்ணி நிண்டிட்டுது," என்றார் முஃபீதா. "இந்த வெயிலும் காத்தும் எப்பிடியெண்டு உங்களுக்கே தெரியும். வெள்ளி மஃரிபுக்கு இன்னும் ஈரம் இருந்திருக்கு. ஞாயிறு இல்ல. கல்லு மேடையில கம்பி ஆழம் போகவுமில்ல. மணல் காஞ்சது, தொடுப்பு விட்டுட்டுது. குழாயத் திருப்புற கை இல்லாமப் போச்சு. குழாய் பாதியில நிண்டு, மணிக்கணக்காச் சூடாகி, திறந்தபடி செத்துட்டுது. பூட்டின பெட்டிய ஒருத்தரும் தொடல்ல. தொட வேண்டிய தேவையுமில்ல."

ஹஃபீலா புது ட்ரான்சிஸ்டரை மாட்டினாள். பகலில் விளக்கை எரிய விடாத, வெளிச்சம் அறியும் சின்னக் கண்ணை நிக்கொலஸ் தன் தொப்பியால் பொத்தினான். விளக்கு அரை வெளிச்சத்தில் எரிந்து அப்படியே நின்றது. கூடவுமில்லை, குறையவுமில்லை. சற்று நேரத்தில் முஃபீதா சொல்லி ஹுனைஸ் அலுமினியத் தகட்டைத் தொட்டார். தொட்ட வேகத்தில் கையை இழுத்துக்கொண்டார்.

"அல்பொன்சா," என்றார் முஃபீதா, "நாளும் ஊத்துற மாதிரி ஒருக்கா ஊத்துங்க."

அல்பொன்சா யாரையும் பார்க்காமல் பேசினில் களப்புத் தண்ணீரை மொண்டு வந்தார். ஒரு கை உப்பைப் போட்டுக் கலக்கி, கம்பத்தடியில் பரவலாக ஊற்றினார். தண்ணீர் மணலுக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. விளக்கு ஒருமுறை துடித்தது. பிறகு மெல்லக் குறைந்தது, மெல்லக் கூடியது, மறுபடி குறைந்தது.

நிக்கொலஸ் தொப்பியைப் பிடித்த கையை அசைக்கவேயில்லை.

"நான் போகாம இருந்திருந்தா," என்று தொடங்கினார் அல்பொன்சா.

"நீங்க மீன் கழுவினீங்க. விளக்குக் காவல் பாக்கிறதுக்கு உங்களை ஒருத்தரும் வைக்கல்ல," என்றார் முஃபீதா. "அந்தக் கதைய இதோட விடுங்க."

மர்ஸூக் தலையைக் குனிந்தபடி நின்றார். ஹஃபீலா அவரைத் தாண்டிப் போய்ச் சவிரிமுத்துவின் கதிரைக்கு முன்னால் நின்றாள்.

"ராத்தா என்னட்டக் கேட்ட ரெண்டாவது கேள்வி, எர்த் எண்டு சொன்னது யார் எண்டு. நான்தான் அண்ணன். மர்ஸூக் நானா அவருக்குத் தெரிஞ்ச நல்ல வேலையத்தான் செஞ்சார். சர்க்கிட்டில பிழையில்ல, என்ட வாயிலதான் பிழை. கறுப்பு வயரக் கட்டுங்க எண்டு சொல்லியிருந்தா உங்கட கால் முறிஞ்சிராது. வந்து பாக்காம, கோல்ல சொல்லிப்போட்டுக் கலியாணத்தில நிண்டதும் நான்தான்."

"நானும் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்," என்றார் மர்ஸூக். "கழட்டின வயர் எதுக்கெண்டு கேட்டிருக்கலாம். முப்பது வருஷம் ஆரிட்டயும் கேட்டுப் பழக்கமில்லாமப் போச்சு." அவர் தன் பையிலிருந்து வெட்டுக்குறட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "அந்தப் பச்சை ரெண்டையும் நீயே வெட்டு, தங்கச்சி. மூடியில ஒரு கடுதாசியும் எழுதி ஒட்டு. எர்த் எண்டு மட்டும் எழுதாத."

நிக்கொலஸ் தொப்பியை எடுக்க, விளக்கு அணைந்தது. அவள் கம்பத்தடிக்குப் போய் இரண்டு பச்சை வயரையும் வெட்டினாள். கையில் கறுப்பு வயர் ஒரு துண்டோடு நின்று, சவிரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். விளக்கைக் கழற்றுவதா விடுவதா என்று சங்கம் இன்னும் சொல்லவில்லை. ஹுனைஸ் தொண்டையைச் செருமினார். ஆனால் எல்லோரும் சவிரிமுத்துவைத்தான் பார்த்தார்கள்.

"இந்த ஆறு நாளும் எனக்கு ஒரே யோசனை, பிள்ளை," என்றார் சவிரிமுத்து. "கால் போனது பெரிசில்ல. என்ட கண்தான் போயிட்டுதோ, நான்தான் மூச்சு விளக்கக் கண்டும் காணாம வந்தனோ எண்டு. இனிக் கடலும் இல்ல, களப்பும் இல்ல எண்டு நினைச்சன். இவள்ட்டயும் சொல்லல்ல." அவர் அணைந்திருந்த விளக்கைக் காட்டினார். "அந்தக் கறுப்பு வயரக் கொஞ்சம் தடிப்பாப் போடு. கால் ஆறினா நான் அதப் பாத்துத்தான் கரைக்கு வரவேணும்."